பெல்ட் மாற்ற வேண்டிய நாள்

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டா என்று தெரியாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் முகவரியை உன் தங்கையிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

முந்தாநாள் தபாலில் என் மகன் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. அவன் பெயருக்குத் தபால் வருவது நின்று வெகு நாளாகிறது. பிரிக்கலாமா கூடாதா என்று மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அது உறையே இல்லாத கார்டு, பிரிக்க ஒன்றும் இல்லை.

அவன் காரைச் சர்வீஸுக்கு விடும் ஒர்க்‌ஷாப் அனுப்பியது. வாகனத்தின் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதாம், தாமதிக்க வேண்டாமாம். டைமிங் பெல்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சைக்கிளுக்கு மேல் நான் எதையும் ஓட்டியவன் அல்ல. எதிர்வீட்டு டாக்சிக்காரரிடம் கார்டைக் காட்டினேன். என் காதுக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சின் காலி என்பதுதான் சாரம்.

மேற்படி கார்டை இத்துடன் இணைத்துள்ளேன். கார் உன்னிடம் இருப்பதால் தெரிவிப்பது என் கடமை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் உன் பழைய எண் வேலை செய்யவில்லை. செய்தாலும் எனக்கு இரைச்சல்தான் கேட்கும்.

என் பேத்தி சிட்டு எப்படி இருக்கிறாள்?

மாமா


பிப்ரவரி 17

மாமாவுக்கு,

கார்டு கிடைத்தது. இங்கே இரண்டு இடத்தில் விசாரித்தேன். பெல்ட், அதோடு சேர்ந்த உருளைகள், தண்ணீர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வருகிறது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இன்னும் அதிகம். இந்தக் கார் இன்று விற்கும் விலைக்கு அது பெரிய செலவு.

அதனால் விற்றுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். பல் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கும் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கார் இன்னும் உங்கள் மகன் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழில் இருக்கும் பெரியவர்கள் இருவரும், அதாவது நானும் நீங்களும், கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை அனுப்புகிறேன். நீங்கள் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். தயவுசெய்து உடனே திருப்பி அனுப்புங்கள்.

சிட்டு நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மருமகள்


பிப்ரவரி 25

மருமகளுக்கு,

தங்கள் கடிதமும் படிவமும் கிடைக்கப் பெற்றேன். (தங்கள் என்று எழுதிவிட்டேன், கோர்ட்டில் தட்டச்சு செய்த பழக்கம். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.)

கையெழுத்துப் போடும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நானே அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. என் காதைப் பார்த்ததும் தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டாள். மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் கழற்றிப் போட்ட பழைய பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் ஏதோ இரும்புச் சங்கிலி என்று நினைத்திருந்தேன். உள்பக்கம் பல் வைத்த ரப்பர் நாடா, அவ்வளவுதான். எஞ்சினுக்குள் மேலே ஒரு கூட்டம் திறந்து மூடுகிறதாம், கீழே ஒரு கூட்டம் ஏறி இறங்குகிறதாம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று மோதாமல் இந்த நாடாதான் நேரம் பார்த்து ஓட்டுகிறதாம்.

நம் கார் அதிகம் ஓடவில்லையே, பிறகு ஏன் அவசரம் என்று கேட்டேன். ஓடிய தூரம் ஒரு கணக்கு, ஆன வருஷம் இன்னொரு கணக்கு, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று எழுதிக் காட்டினார். நிறுத்தி வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்றார். நம் காருக்குத் தூரம் பாக்கி இருக்கிறது, வருஷம் முடிந்துவிட்டது. அறுவதற்கு முன்னால் சத்தம் ஏதாவது வருமா என்று கேட்டேன். என் காதுக்கு இப்படி ஒரு கேள்வியா என்று நீ சிரிப்பாய். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஒண்ணும் வராது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு போயிடும்."

பெல்ட்டின் விலை அற்பம். அதை எட்டுவதற்கு எஞ்சினின் ஒரு பக்கத்தையே கழற்ற வேண்டியிருப்பதால் கூலிதான் செலவு. தண்ணீர் பம்ப்பும் அதே மூலையில் இருப்பதால் கையோடு அதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் பின்னால் அதே கூலியை மறுபடி அழ வேண்டும். அறுந்துபோனாலோ இதைப்போல நாலைந்து மடங்கு.

இந்த நிலையில் மேற்படி வாகனத்தைப் பெல்ட் மாற்றாமல் இன்னொருவர் தலையில் கட்டுவது முறையல்ல என்பது என் கருத்து. முதலில் மாற்று, செலவை நான் தருகிறேன். பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று நிதானமாகப் பேசலாம். படிவத்தை அதுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சிட்டுவின் விசிலைக் கேட்க முடியாவிட்டாலும் பார்க்கலாம்.

மாமா


மார்ச் 3

மாமாவுக்கு,

யார் தலையிலும் நான் எதையும் கட்டவில்லை. பெல்ட் மாற்றவில்லை என்பதை முதல் நாளே அவரிடம் சொன்னேன். அதற்காக விலையைக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறார். வாங்கியதும் தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறார். இதில் எந்த முறை கெட்டுப்போயிற்று?

எனக்கு ஏன் அவசரம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இங்கே நரம்புப் பாதிப்பு வந்தவர்களுக்கான சிகிச்சை மையம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. இனி வீடு வீடாகப் போய் யாருக்கும் கை கால் பயிற்சி கொடுக்க வேண்டாம். மையத்துக்குப் பின்னாலேயே ஊழியர் குடியிருப்பு. சிட்டுவின் பள்ளி அடுத்த தெரு. காரே தேவைப்படாது. குடியிருப்புக்கு மாத முடிவுக்குள் முன்பணம் கட்ட வேண்டும், அதற்குத்தான் இந்த விற்பனை. உங்கள் பணம் எனக்கு வேண்டாம். அதை வாங்கினால் அதைப் பற்றியும் ஒரு நாள் பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டி வரும்.

ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். மறந்திருக்கலாம் நீங்கள். அவரை வழியனுப்பிய அன்று கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது சொன்னீர்கள்: "ஊர்ல இருக்கற கை காலை எல்லாம் பிடிச்சு விடப் போயிட்டா. கட்டினவனைப் பார்க்க வீட்டுல ஆள் இல்ல." உங்களுக்குக் காது கேட்காது என்பதால் எப்போதும் உரக்கத்தான் பேசுவீர்கள். அன்றும் அப்படித்தான். என் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவர் போன அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். உண்மைதான். அன்று அவருக்கு விடுமுறை. மதியம் நான் வந்து பார்த்தபோது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். வீட்டில் ஆள் இல்லை என்பது மட்டும் உண்மையில்லை. நீங்கள் இருந்தீர்கள். அடுத்த அறையில், கதவு திறந்துதான் இருந்தது. இதை நான் அன்று சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

படிவத்தை அனுப்புங்கள்.

மருமகள்


மார்ச் 12

மருமகளுக்கு,

உன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நான் வீட்டில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இருந்தேன்.

துக்கத்தில் வாய் எதையோ சொல்லும். என்னை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறாய்? அன்று என்னிடம் வந்து எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள்.

வேலை கிடைத்தது பற்றிச் சந்தோஷம். உனக்கு அந்தத் தகுதி உண்டு.

படிவத்தைப் பற்றி. அதில் மூன்றாவது வரியில் "இறந்த உரிமையாளரின் பெயர்" என்று ஒரு கட்டம். நீ உன் கையால் அவன் பெயரை நிரப்பி அனுப்பியிருக்கிறாய். வேலையில் இருந்த காலத்தில் இந்த மாதிரிக் கட்டங்களில் நான் தட்டச்சு செய்த பெயர்களுக்கு அளவே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. ஒரு பெயரையும் இரண்டாம் முறை படித்ததில்லை. இதில் என்னவோ பேனாவைப் பிடித்தால் கை நகர மாட்டேன் என்கிறது. வங்கிக் கணக்கை மூடியாயிற்று. அலுவலகத்தில் பெயரை எடுத்தாயிற்று. இந்தக் காரும் கைமாறிவிட்டால் அரசாங்கத்தின் எந்தப் புத்தகத்திலும் என் மகன் உயிரோடு இருக்க மாட்டான்.

வாங்குகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஒரு மாதம் போதும். பெல்ட்டை மட்டும் உடனே மாற்று. அதற்குப் பணம் வேண்டாம் என்று வீம்பு பிடிக்காதே.

மாமா


மார்ச் 18

மாமாவுக்கு,

வாங்குகிறவர் பொறுக்க மாட்டார். அவருக்கு வேறு ஒரு கார் அமைந்திருக்கிறது, இந்த வாரக் கடைசிவரை எனக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னதே பெரிய விஷயம்.

விற்கப் போகிற காருக்கு அரை மாதச் சம்பளத்தைப் போட என்னால் முடியாது. போட்டால் முன்பணத்தில் துண்டு விழும். விற்காததால் தினமும் அதில்தான் போய்க்கொண்டிருக்கிறேன், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் உங்கள் மெக்கானிக் எழுதியது ஞாபகம் வருகிறது. நீங்கள் அதை எனக்கு எழுதாமலே இருந்திருக்கலாம்.

பெயர் எந்தப் புத்தகத்தில் இருந்தால் என்ன மாமா? சிட்டு தன் நோட்டு அட்டை எல்லாவற்றிலும் தன் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறாள். அதை யாரும் எடுக்கப் போவதில்லை.

என்னைக் கெஞ்ச வைக்காதீர்கள்.

மருமகள்


மார்ச் 26

மாமாவுக்கு,

பெல்ட் அறுந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் சிட்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். சத்தம் ஏதும் வரவில்லை. ஏதோ ஒன்று டப்பென்று தட்டியதுபோல் இருந்தது, அடுத்த நொடி எஞ்சினின் இரைச்சல் நின்றுபோய் டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிப்போய்விட்டது. ஏற்றத்தில் வண்டி நின்று, பின்னால் போக ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், அதுவும் கட்டை மாதிரி இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தேன், கை பிரேக்கை இழுத்தேன். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் எப்படி ஒடித்தாரோ, எங்களை உரசாமல் தாண்டிப் போய்விட்டார். அவர் இரண்டடி இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

சாவியைத் திருப்பிப் பார்த்தேன். வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றியது. உள்ளே எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றியது. எனக்குப் புரிந்துவிட்டது.

சிட்டுவை இறக்கிப் பாலத்தின் ஓரத்துச் சுவரோடு நிறுத்தி, அவளுக்கு முன்னால் நான் நின்றுகொண்டேன். இழுத்துப்போகும் வண்டி வருவதற்குள் இருட்டிவிட்டது. அவள் அழவில்லை. பால் தீர்ந்துபோச்சா என்று கேட்கிற குரலில், "இப்ப காரும் செத்துப் போச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்று மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டார். மேலே இருக்கும் வால்வு எல்லாம் வளைந்துவிட்டன. ஒன்று உடைந்து பிஸ்டனில் குத்தி நிற்கிறது. சரிசெய்ய ஆகும் செலவுக்கு இதே மாதிரி இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாமாம். வாங்குவதாக இருந்தவரிடம் சொன்னேன். பாவம், என்னிடம் துக்கம் விசாரித்தார்.

மையத்துக்கும் போன் செய்தேன். முன்பணம் இல்லாமல் குடியிருப்பு இல்லை, வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குடியிருப்பு இல்லாமல் அந்த வேலையும் எனக்கு இல்லை. இரவு ஷிஃப்டில் பிள்ளையை யாரிடம் விடுவது?

நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கார் போன வாரமே கைமாறியிருக்கும். பெல்ட்டும் இந்நேரம் மாற்றப்பட்டிருக்கும். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படக்கூட இன்று தெம்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மருமகள்


மார்ச் 26

மருமகளுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள். தேதியும் போட்டிருக்கிறேன். பென்சில் குறியை அழித்துவிட்டேன்.

தாமதத்துக்கு வருந்துகிறேன். சிட்டு நோட்டு அட்டையில் எழுதுகிறாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் நாம் என்ன கிறுக்குத்தனம் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. காரை விற்று அந்த வீட்டுக்குக் குடிபோ. பள்ளி பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி.

வாங்குகிறவரிடம் மட்டும் முதல் வேலையாகப் பெல்ட்டை மாற்றச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், யாரோ கிழவர் நச்சரிக்கிறார் என்று சொல்.

மாமா


ஏப்ரல் 2

அம்மா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு பாரம் இறங்கியது என்று டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ அப்போது ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறாய்.

இரண்டு காலாலும் மிதித்தேன் என்ற இடத்துக்கு மேல் முதல் தடவை என்னால் படிக்க முடியவில்லை. சிட்டுவுக்கு ஒன்றும் இல்லை என்பதைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மையத்தின் நிர்வாகிக்கு நான் எழுதிப் பார்க்கட்டுமா? கிழவன் ஒருவனின் பிடிவாதத்தால் ஆன தாமதம், அந்தப் பெண்ணின் தவறில்லை என்று எழுதுகிறேன். பயன் இருக்காது என்று நீ நினைத்தால் வேண்டாம். பணம் அனுப்பட்டுமா என்று கேட்க எனக்கு இனி வாய் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுத்தால் வருத்தப்பட மாட்டேன். காரை உடைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும்.

மாமா


ஏப்ரல் 7

மாமாவுக்கு,

நிர்வாகிக்கு எழுத வேண்டாம். இடம் போய்விட்டது. வேறு ஒரு பெண் குடிவந்துவிட்டாள், அவளுக்கும் ஒரு குழந்தை.

பழைய இரும்பு எடுப்பவர் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவருடைய யார்டு பஸ் நிலையத்தின் பின்பக்கம், டயர் அடுக்கி வைத்திருக்கும் மதில். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் அவருக்கும் தேவைப்படுகிறது. நானும் அங்கே இருப்பேன். வருவதானால் வாருங்கள். சிட்டு பள்ளியில் இருப்பாள்.

வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே நிழல் கிடையாது.

மருமகள்


ஏப்ரல் 20

அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்ததும் எழுதியிருக்க வேண்டும். சில நாள் எதையும் எழுதத் தோன்றவில்லை.

சிட்டுவைப் பார்க்காமல் ஏன் பஸ் ஏறினேன் என்று நீ நினைத்திருப்பாய். பள்ளி வாசல்வரை போனேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. என்னைக் கண்டதும் முதல் கேள்வியாகக் கார் எங்கே என்று கேட்பாள் என்று திரும்பிவிட்டேன். கோழைத்தனம்தான்.

நீ அலுவலக அறைக்குள் இரும்புக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் காருக்குள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்திருப்பாய். காது பரிசோதனைக்கு அவன் என்னை அழைத்துப் போகும்போதெல்லாம் இடப்பக்கம்தான் உட்காருவேன். அன்று ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன். என் உயரமும் அவன் உயரமும் ஒன்று. கால் சரியாக எட்டியது. கண்ணாடியில் பின்பக்கம் சரியாகத் தெரிந்தது. முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகுதான் பக்கத்துச் சீட்டில் இரண்டு தலையணை கிடப்பதைப் பார்த்தேன். நீ என் தோளுக்குக்கூட வரமாட்டாய். சீட்டுக்கு அடியில் இருந்த லீவரை இழுத்துப் பார்த்தேன். இறுகிப்போய் இருக்குமோ என்று நினைத்தேன். வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. மறுபடி அவன் வைத்திருந்த பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டு இறங்கினேன்.

அவனை வழியனுப்பிய அன்று வீட்டில் நீ அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாய், டாக்டரின் தாள்களைச் சரிபார்த்தாய், பால்காரருக்குக் கணக்குச் சொன்னாய். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் என் வாய் அப்படிச் சொன்னது. இத்தனை மாதம் முதுகுக்குத் தலையணை வைத்து, நுனிக்காலால் பெடலை எட்டி, ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறாய்.

கிரேன் தூக்கும்போது நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். நீ என் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "இங்க என்ன புண்ணு?" என்று கேட்டாய். காது மிஷின் உரசியது என்றேன். ராத்திரியும் கழற்றுவதில்லையா என்று கேட்டாய். நான் இரும்புச் சத்தத்தில் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். கேட்டது.

ஆமாம், கழற்றுவதில்லை. அவன் விழுந்த நாளிலிருந்து. கூடத்தில் நாற்காலியில்தான் தூங்குகிறேன். யாரும் இல்லாத வீட்டில் யார் கூப்பிடப்போகிறார்கள் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கழற்ற முடியவில்லை.

மாமா


ஏப்ரல் 28

மாமாவுக்கு,

மறுபடி பழையபடி வீடுகளுக்குத்தான் போகிறேன், பஸ்ஸில். தொலைவில் இருந்த இரண்டு பேரை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஒருவர் தையல்காரர், வலது கை அப்போதுதான் கத்திரியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வேறு ஒரு பெண்ணைப் பார்த்து ஒப்படைத்துவிட்டு வந்தேன். மையத்தில் அடுத்த வருஷம் மறுபடி ஆள் எடுப்பார்களாம். பார்க்கலாம். சிட்டுவுக்கு பஸ் பிடித்துப்போய்விட்டது. ஜன்னலோர இடத்துக்குப் பெரியவர்களோடு சண்டை போடுகிறாள்.

லீவரைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

வேறு ஒன்று எழுத வேண்டும். முன்பே எழுதியிருக்கலாம். கோபம் இருந்தது, அதனால் எழுதவில்லை. நீங்களாகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது.

அவர் போன மறுவாரம் நான் அவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் டாக்டரிடம் தனியாகப் போனேன். நான் வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். மூளைக்குள் பெரிய ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. "நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது. விழறதுக்கு முன்னாலயே நினைவு போயிருக்கும்," என்றார்.

நான் இன்னொன்றும் கேட்டேன். உதவிக்கு யாரையாவது கூப்பிட்டிருப்பாரா என்று கேட்டேன். என் மனதில் நீங்கள்தான் இருந்தீர்கள். சத்தியமாக, உங்களைக் குற்றம் சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்றுதான் கேட்டேன். இல்லை என்றார். ஒரு சத்தமும் வந்திருக்காது என்றார்.

உங்களுக்கு முழுசாகக் காது கேட்டிருந்தாலும் அன்று கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் உங்களைக் கூப்பிடவில்லை, மாமா. கூப்பிட அவருக்கு நேரமே இருக்கவில்லை.

நீங்கள் அன்று சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போது ஆறும் என்று சொல்லத் தெரியவில்லை. அது வேறு கணக்கு.

புண்ணுக்கு ஒரு களிம்பு வைத்து அனுப்புகிறேன். காலையும் மாலையும் தடவுங்கள். காய்கிறவரை மிஷினைப் பகலில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி கழற்றி அதன் டப்பாவில் வைத்துவிட்டு, கட்டிலில் போய்ப் படுங்கள்.

மருமகள்